செவ்வாய்க்கிழமைக் குளிப்பு

குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கிளிபோட் எட்டிப் பார்த்தான்.

ஷவருக்குக் கீழே, பிளாஸ்டிக் கதிரையில் அவனுடைய அப்பா நீக்கிலாப்பிள்ளை. உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. முதியோர் இல்லத்து வேலையாள் ஒருவன் ஒரு கையால் அவருக்கு முதுகு தேய்க்கிறான். மற்றக் கையில், அப்பாவின் முகத்துக்கு நேரே, வெளிச்சம் விடுகிற ஒரு கறுப்புப் பலகை.

"டேய்! அப்பாவைக் குளிக்க வார்க்கேக்கை வீடியோவோ எடுக்கிறாய்?"

சப்பாத்தோடு உள்ளே பாய்ந்தான்.

வேலையாள் கோணேஸ்வரன் திடுக்கிட்டுத் திரும்பினான். நாற்பது வயதிருக்கும். முதலில் தண்ணீரை நிறுத்தினான். துவாயை எடுத்துக் கிழவரைப் போர்த்தினான். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தான்.

"வீடியோ இல்லை அண்ணை. இதிலை கமராவே கிடையாது. புத்தகம் வாசிக்கிற ஈ-ரீடர். தண்ணிக்குள்ளை போட்டாலும் பழுதாகாது."

"குளிக்கிற இடத்திலை ஆருக்கடா புத்தகம்? உனக்கோ?"

"ஐயாவுக்கு. தண்ணி பட்டா, ஆரோ கொல்ல வாறாங்கள் எண்டு குழறுவார். ரெண்டு மாசமா ஒருத்தராலையும் குளிக்க வார்க்க ஏலாமல் கிடந்தது. இதை முன்னாலை பிடிச்சா வாசிச்சுக்கொண்டு பேசாமல் இருப்பார்."

"தம்பி ஆர்?" என்று நீக்கிலாப்பிள்ளை கிளிபோட்டைப் பார்த்துக் கேட்டார். "பெலத்துக் கத்தாதையும். எனக்குக் குளிருது."

கிளிபோட் அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"உங்கட முகம் மறந்திட்டார் அண்ணை," என்றான் கோணேஸ்வரன் மெதுவாக. "உங்கட பேர் இன்னும் மறக்கேல்லை."

கனடாவில், அவன் குடியிருக்கும் விட்பியிலிருந்து இந்த இல்லம் இருக்கும் மோர்னிங்சைட் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. ஆனாலும் கிளிபோட் கடைசியாக வந்தது போன நத்தார்ப் பண்டிகைக்கு. இன்றைக்கும் ஏதோ படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று கூப்பிட்டதால்தான் வந்தான். அந்தக் குற்ற உணர்வும் சேர்ந்து கோபமாய்ப் பொங்கியது.

"மகன் நான் ஒருத்தன் உயிரோடை இருக்கேக்கை, இவர் கேட்க ஆளில்லாத மனிசன் எண்டோ நினைச்சனீ? காட்டு பாப்பம், என்ன புத்தகம்?"

கோணேஸ்வரன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அது... சும்மா ஒரு வாசிப்பு அண்ணை."

"சும்மா எண்டா ஏன் ஒளிக்கிறாய்? என்னவோ கூடாததைக் காட்டிக் கிழவனை மயக்கி வைச்சிருக்கிறாய். இப்ப பொலிசுக்குப் போன் அடிக்கப்போறன்."

"அடியுங்கோ. மனேச்சரிட்டையும் சொல்லுங்கோ. வேலை போனாலும் பரவாயில்லை." கோணேஸ்வரன் சுவரோடு ஒட்டி நின்றான். "இதை மட்டும் நீங்கள் பாக்க வேண்டாம் அண்ணை. கெஞ்சிக் கேக்கிறன்."

வேலை போனாலும் பரவாயில்லையாம்! அப்படியென்றால் உள்ளே என்ன கண்றாவி இருக்கும்?

கிளிபோட் எட்டிப் பறித்தான். கண்ணாடித் திரையில் தண்ணீர்த் துளிகள். சட்டைக் கையால் துடைத்தான். கொட்டை கொட்டையாய்த் தமிழ் எழுத்து.

'அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா இருக்கிறியளோ? இப்ப உங்கட தலையிலை விழுறது இளஞ்சூட்டுத் தண்ணிதான். பயப்பிடாதேங்கோ. ஒருத்தரும் உங்களை ஒண்டும் செய்யமாட்டினம். நான் கிட்டத்தான் நிக்கிறன், உங்களை விட்டிட்டு எங்கையும் போகமாட்டன். இதை ஆறுதலா வாசியுங்கோ, முடியிறதுக்கிடையிலை குளிப்பும் முடிஞ்சிடும்.

இப்படிக்கு,
உங்கட அன்பு மகன்
கிளிபோட்.'