ஒன்பது நொடி

தெசாங்கா எழுதிய செயலியைப் பார்த்து அலுவலகமே சிரித்தது.

வெள்ளம் வந்த மறுநாளே நகராட்சி கேட்டிருந்தது. யார் எந்த ஆஸ்பத்திரியில், எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று போனிலேயே தேட வேண்டும். தெசாங்காவின் செயலியில் பெயரைத் தட்டினால் திரை உறையாது. ஆனால் "இன்னும் தேடுகிறது" என்று ஒன்பது நொடி சுற்றிக்கொண்டிருக்கும்.

"ஆளைக் காணோம்னு துடிக்கிறவன் ஒன்பது செகண்ட் காத்திருப்பானா?" என்று கேட்டார் முதலாளி ரதோமிர்.

"பட்டியல்ல இருக்கிற நாலாயிரம் பேரையும் பாக்கணுமே. பாக்காம இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அதே வேலைக்குச் சக ஊழியன் ஓக்னென் எழுதிய செயலியோ விரலை எடுப்பதற்குள் பதில் சொன்னது. காரணம் எளிது. போனில் முதலில் நூறு பெயர்தான் இறங்கும். பட்டியலைக் கீழே இழுக்க இழுக்கத்தான் மிச்சம் வரும். ஓக்னென்னின் தேடல் இறங்கிய நூறை மட்டும் சலித்துவிட்டு, "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்று கூசாமல் சொல்லிவிடும்.

தெசாங்கா கத்திப் பார்த்தாள். கீழே இழுக்கத் தெரியாதவன் எவனாவது இருக்கிறானா என்று ரதோமிர் அவள் வாயை அடைத்துவிட்டார். திங்கட்கிழமை ஓக்னென்னுடையதுதான் ஊருக்குப் போனது.

வெள்ளிக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல், அதைச் சரிசெய்தார்கள். அடுத்த மாதம் பெல்கிரேடில் அதே செயலிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மிக வேகமான சேவையாம்.

தெசாங்காவுக்கு வயிறு எரிந்தது. யாராவது ஒருத்தர் வந்து கேட்கட்டும், எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன் என்று காத்திருந்தாள்.

வந்தார். பெட்ரோனியே, பஸ் டிரைவர், அறுபது வயதிருக்கும். இறந்துபோன மனைவி ஸ்தாமென்காவுக்கு நாற்பதாம் நாள் காரியம் முடித்து, அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் சர்க்கரை தூவிய கோதுமையோடு நன்றி சொல்ல வந்திருந்தார். ஆளுக்கொரு கரண்டி கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க செயலி என்னை அலையவிடல தம்பி," என்றார் ஓக்னென்னிடம். "தினமும் பாத்தேன். இல்லை இல்லைன்னு உடனுக்குடனே சொல்லிருச்சு. வெள்ளிக்கிழமை அவ பேரு வந்துச்சு. ஓடினேன். அதுக்குள்ள போயிட்டா."

ஓக்னென் கோதுமையை வாயில் வைத்தபடி மென்று முடிக்காமல் இருந்தான்.

பெரியவர் தெசாங்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சாவுச் சீட்டுல செத்த தேதி மட்டும்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு எப்போ கொண்டு வந்தாங்கன்னு உங்ககிட்ட இருக்குமில்ல? வெள்ளிக்கிழமைதானே? முன்னாடியே வந்திருந்தா செயலி சொல்லியிருக்குமே. நான் ரெண்டு தெரு தள்ளி முகாம்லதான் இருந்தேன்."

தெசாங்கா கணினியில் முழுப் பட்டியலைத் திறந்தாள். ரதோமிரின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர், ஸ்தாமென்கா. சேர்த்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பக்கத்தில் நர்ஸ் யாரோ ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: நினைவு இருக்கிறது, கணவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தெசாங்கா அதை இரண்டு முறை படித்தாள். இத்தனை நாளாக இதற்குத்தான் காத்திருந்தாள். பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். திரையை மூடினாள்.

"வெள்ளிக்கிழமைதான் மாமா. காலையில கொண்டு வந்தாங்க, நினைவே இல்ல, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு."