காலைத் தொட்டது

நாற்பது வருடம் கழித்தும் அந்த ஏரி மிருகப் படத்துக்கு அரங்கு நிறைந்திருந்தது. அதில் கதாநாயகியாக நடித்த ஃபிலோமினா, மிருக வேடம் போட்ட தணிகாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் நீந்திக்கொண்டிருக்க, ஆழத்திலிருந்து ஒரு கை எழும்பி வந்தது. கூட்டம் மூச்சடக்கியது.

"எவ்வளவு பதமா என் காலைத் தொட்டீங்க!" என்று அவர் காதருகே சொன்னாள்.

"நானாம்மா? எனக்கு நீச்சலே தெரியாதே. கரையில நடக்கிற காட்சி மட்டுந்தான் நான். இருந்ததே ஒரே ஒரு மிருக உடுப்புதான். நனைஞ்சா ஊறிப்போயிடும்னு டைரக்டர் தண்ணிப் பக்கமே விடலை."

"அப்போ இது யாரு?"

தணிகாசலம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது தெரியாமத்தாம்மா ஒவ்வொரு தடவையும் வந்து பாக்குறேன்."

ஃபிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் மெல்ல இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.