பனிச்சுவர்ப் பயிற்சி

இமயத்தின் அந்தச் சிகரத்தில் ஏறிவிட வேண்டும் என்பது கதிரேசனின் வெகுநாள் ஆசை. திருநெல்வேலியில் முதுகில் மணல்மூட்டையோடு மாடிப்படி ஏறிப் பழகினான். அவனைத் தனியே அனுப்பப் பயந்த மனைவி ஆவுடைச்செல்வியும் கூடவே பழகி, கூடவே வந்துவிட்டாள். மலையடி முகாமிலிருந்து சிகரத்துக்குக் கிளம்புவதற்கு முன் கடைசிப் பயிற்சியாக, பக்கத்திலிருந்த பனிச்சுவரில் இருவரையும் ஏறச் சொன்னார் வழிகாட்டி மிங்மா. கதிரேசன் பாதியில் மூச்சு வாங்கி நின்றான். கயிற்றில் கொக்கியை மாற்றிப் போட இருமுறை மறந்தான். அவள் நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கினாள்.

மிங்மா கதிரேசனிடம் இந்தியில் சொன்னார். "நீங்கள் இங்கேயே இருங்கள். மேலே போனால் திரும்ப மாட்டீர்கள். அவர் வரலாம்."

அவளுக்கு இந்தி தெரியாது. "என்ன சொல்லுதாரு?" என்றாள்.

அவள் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவ்வளவு சந்தோஷமான முகத்தோடு அவளை அவன் பார்த்ததில்லை. தான் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

"என்னால முடியாதாம். நீ போலாமாம்."

தானும் போகவில்லை என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தான். அவள் சிகரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எப்பப் பொறப்படணும்னு கேளுங்க."

கதிரேசன் மிங்மாவின் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டான்.