தாம்பரம் கேட்காத வயலின்

“அந்தக் குப்பைய ஆஃப் பண்ணு ஈவ்லின். பதினஞ்சு பேர ஒரே வீட்ல அடைச்சு வெச்சு சண்டை மூட்டி விடறதெல்லாம் ஒரு நிகழ்ச்சியா?”

மனைவி பார்க்கும் ரியாலிட்டி ஷோ தயாளனுக்கு வேப்பங்காயாய்க் கசக்கும். அது ஆரம்பித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். அவர் கேட்பதெல்லாம் ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுக் கலைஞர்களின் இசைதான்.

மகள் ஜெரூஷாவின் கல்யாணத்துக்கும் அப்படி ஒரு வயலின் இசையைத் தேடிப்பிடித்தார்.

“பொண்ணு சர்ச்சுக்குள்ள வரும்போது இதைத்தான் போடணும். தாம்பரத்துல ஒருத்தர்கூட கேட்டிருக்க மாட்டாங்க.” அதுவரை வீட்டில்கூட யாருக்கும் அதைப் போட்டுக் காட்டவில்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே நுழைய, ஸ்பீக்கரில் வயலின் அழுதது. முதல் பெஞ்சு முதல் கடைசி பெஞ்சு வரை பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். வாலிபர் பெஞ்சில் மட்டும் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், மனைவியின் காதில் பெருமையாகச் சொன்னார்: “பாத்தியா, எப்படி உருகிட்டாங்க!”

ஈவ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உருகாம என்னங்க? அந்தக் குப்பையில வாராவாரம் இதைத்தானே போடறாங்க, ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்பும்போது!”