அண்ணன் வீட்டுத் துப்பாக்கி

"அண்ணி, அந்தத் துப்பாக்கி எனக்கு வேணும்."

மாச்சய்யா அண்ணனின் பதினோராம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட இலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் பெள்ளியப்பா இப்படிக் கேட்டார்.

அது என் மாமனார் பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்தது. அவருக்குப் பிறகு மூத்த மகன் என்று மாச்சய்யா அண்ணனிடம் போனது. அண்ணன் அதைப் பரணிலேயே போட்டிருந்தார். அவர் போன அன்றுதான் மகள் தேச்சு அதை இறக்கி, துடைத்து, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

தேச்சு ஒரே பிள்ளை. அடுத்த மாதம் பட்டாளத்தில் அதிகாரிப் பயிற்சிக்குச் சென்னை போகிறாள். குடகில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உண்டு. ஆனால் பெண்பிள்ளை அதிகாரியாகப் போவது எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல்.

"சித்தப்பா, அது அப்பாவோடது" என்றாள் தேச்சு. "நாளைக்கு மடிக்கேரி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய் என் பேருக்கு மாத்திக்கப் போறேன். நம்ம குடகு ஆளுங்களுக்குத்தான் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாமே!"

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ."

பங்காளி நாணய்யா காபி டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"என்ன பேசற பெள்ளியப்பா? அண்ணன் செத்த சேதி சொல்ல வானத்தைப் பார்த்து ரெண்டு வெடி போட்டது நீதான். அந்தச் சூடே இன்னும் ஆறலை. அதுக்குள்ள பங்கு கேக்குதா?"

"பங்கு கேக்கலை. துப்பாக்கி கேக்கறேன்."

"உங்கிட்டதான் ஒண்ணு இருக்கே! உன் தோட்டத்துக்கு மட்டும் காட்டுப்பன்னி ஜோடி போட்டுக்கிட்டு வருதா?"

யாரோ சிரித்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"குடுத்துடு தேச்சு" என்றார் அவள் அம்மா போஜம்மா அக்கா, அழுது வற்றிய குரலில். "உங்கப்பா இல்லாத வீட்ல இதுக்காகச் சண்டை வேண்டாம்."

தேச்சு கழற்றிக் கொடுத்தாள். கண் சிவந்திருந்தது.

"எடுத்துக்கோங்க சித்தப்பா. ஆனா பயிற்சி முடிஞ்சு நான் தோள்ல நட்சத்திரம் வாங்கற அன்னைக்கு, நீங்க வர வேண்டாம்."

"வரலை" என்றார். அவ்வளவுதான்.

ஜீப்பில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன்.

"பட்டாளத்துப் பென்ஷன் வாங்கற மனுஷனுக்கு இந்தத் துருப்பிடிச்ச இரும்புமேல என்ன ஆசை? இனி எந்த மூஞ்சியோட அந்த வீட்டுப் படி ஏறுவேன்? அவ பட்டாளத்துக்குப் போற நேரத்துல, வாழ்த்தி அனுப்ப வேண்டிய நீங்களே..."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார். அண்ணன் போன நாளிலிருந்தே இப்படித்தான். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. துக்கம் என்று நினைத்திருந்தேன். மனசுக்குள் இந்தத் துப்பாக்கிதான் ஓடியிருக்கிறது என்று இப்போது புரிந்தது.

ஜீப் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஹவில்தார் சார், இது பட்டாளத்து ரகம். உங்க ஆளுங்களுக்கு இருக்கிற சலுகையெல்லாம் வேட்டைத் துப்பாக்கிக்குத்தான். இதை யாரும் வீட்ல வச்சிருக்கவே கூடாது."

"தெரியும் சார். ஒப்படைக்கத்தான் வந்தேன்."

"ஒப்படைச்சா ஆச்சா? யார்கிட்ட இருந்துச்சோ அவங்க மேல கேஸ் போடணும். உள்ளே போக வேண்டி வந்தாலும் வரும்."

"போடுங்க. என் வீட்லதான் இருந்தது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"துக்கம் கேக்க வந்தப்ப இதை உங்க அண்ணன் வீட்டுச் சுவத்துல பார்த்தேனே?" என்றார் இன்ஸ்பெக்டர். "பட்டாளத்துக்குப் போகப் போகுதே அந்தப் பொண்ணு... கேஸுன்னு ஒண்ணு வந்தா அதோட வேலை அம்பேல்."

"அவளுக்கு இதுல எதுவும் தெரியாது. எங்கப்பா ஞாபகமா நான்தான் கொண்டுபோய் மாட்டினேன்."

"உங்க ஆளுங்க துப்பாக்கியைத் தொட்டுப் பொய் சொல்ல மாட்டாங்களாமே. தொட்டுச் சொல்லுங்க பார்க்கலாம்."

எங்கள் வீட்டில் துப்பாக்கிமேல் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவோம். வருஷம் ஒருமுறை ஆயுதங்களுக்குப் பூ வைத்துக் கும்பிடும் பண்டிகையே உண்டு. அதைத் தொட்டுச் சொல்கிற வார்த்தை சாமி முன்னால் சொல்கிற வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் விளையாட்டுக்குக்கூட ஒரு பொய் நான் கேட்டதில்லை.

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளங்கையைத் துப்பாக்கிமேல் பதித்தார்.

"எங்கப்பா செத்ததுலேர்ந்து இது என்கிட்டதான் இருக்கு."

குரல் அசையவில்லை. கர்ப்பக்கிரகத்துத் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது எனக்கு. விஷயத்தைச் சொல்லியிருந்தால் தேச்சு கொடுத்திருக்க மாட்டாள். தானே இங்கே வந்து நின்றிருப்பாள். அதற்காகத்தான் அத்தனை பேர் வாயிலும் விழுந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீட்லயா இருந்துச்சு?"

அதுவரை கலங்காமல் நின்ற மனுஷன், இப்போது பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

நானும் செருப்பைக் கழற்றினேன். அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"ஆமாங்க. வருஷா வருஷம் பண்டிகைக்கு இதுக்குச் செங்காந்தள் பூ வச்சதே நான்தான்."