மூன்று கோட்டிங் பச்சை

காரின் டிக்கிக்குக் கீழே ஒற்றைச் செருப்பு கிடந்தது. சிவப்புப் பட்டை, ஆறு வயதுக் கால் அளவு.

அவன் அதைக் கையில் எடுத்தான். அரை மணி நேரமாக மகளைக் காணவில்லை. கட்டிலடி, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீடு எல்லாம் தேடிவிட்டுக் கடைசியாகத்தான் கார் ஷெட்டுக்கு வந்திருந்தான்.

"ஏய் வாலு! வெளிய வந்துடு, மரியாதையா வந்துடு!" என்று கத்தினான். பயத்தில் கத்துவதும் கோபத்தில் கத்துவதும் அவனுக்கு ஒரே குரல்தான்.

அப்போதுதான் கவனித்தான். டிக்கி மூடியிருந்தது.

பின்னாலேயே ஓடி வந்த மனைவியிடம் கேட்டான். "இதை யாருடி மூடினது?"

"நான்தாங்க. தூசி விழுதேன்னு வந்து சாத்தினேன். ஒரு தூசி பட்டாலும் நீங்க குதிப்பீங்களே!"

"உள்ள பார்த்தியா?"

"இல்லையே... பழைய போர்வையெல்லாம் குவிச்சு வெச்சிருந்தீங்க. ஐயோ, நான் பார்க்கலையேங்க!"

நேற்று மாலை மகள் அந்த டிக்கிக்குள் எட்டிப் பார்த்து, "அப்பா, இதுக்குள்ள ஒளிஞ்சா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, இல்ல?" என்று கேட்டிருந்தாள். அவனும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றிருந்தான்.

பூட்டு புதிது. அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். சாவியை இன்னும் வெட்டி வாங்கவில்லை, அதனால்தான் டிக்கியைக் குச்சியால் முட்டுக்கொடுத்தே வைத்திருந்தான்.

அந்தக் காருக்கு அவனைவிட வயது அதிகம். இரும்புக் கடையிலிருந்து இழுத்து வந்தபோது கதவெல்லாம் சல்லடை. பள்ளிப் பேருந்து ஓட்டியது போக மிச்சமிருந்த நேரத்தை எல்லாம் அதற்கே கொடுத்தான். துருவைச் சுரண்டி, ஓட்டையை வெட்டி, புதுத் தகடு பற்ற வைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, பதினான்கு மாதம். முந்தாநாள்தான் மூன்றாவது கோட்டிங் பச்சை அடித்து முடித்தான். மனைவி அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

"இதுல யாராவது ஒரு கீறல் போட்டீங்க, கையை உடைச்சு அடுப்புல வெச்சிடுவேன்" என்று காலையில் சாப்பிடும்போதுகூட எல்லோரையும் மிரட்டியிருந்தான். சக்களத்தி என்றால் சும்மாவா?

பின் சீட்டு வழியாக டிக்கிக்குள் போகலாம் என்று பக்கவாட்டில் ஓடினான். ஓட்டத்தில் உள்ளங்கை கதவை உரசிக்கொண்டு போனது. வழவழப்பான பெயின்ட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் தட்டுப்பட்டது. வேறு நாளாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பான். இன்று அவன் நிற்கக்கூட இல்லை.

பின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான். ஆனால் அது இருந்த இடத்துக்கும் டிக்கிக்கும் நடுவில் முழுத் தகடு. போன மாதம் அவனே இடைவெளி தெரியாமல் பற்ற வைத்தது. பாழாய்ப் போன கைத்திறமை என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி ஓடி வந்தான்.

டிக்கிமேல் காதை வைத்தான். தகரக் கூரையின் வெக்கையில் காய்ந்திருந்த தகடு கன்னத்தைச் சுட்டது. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டிருந்தால்கூட உயிர் வந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

தகடு வெட்டும் கிரைண்டரை எடுத்தான்.

"ஐயோ, அது வேணாங்க! நெருப்புப் பொறி உள்ள விழும்!"

வீசி எறிந்தான். பெரிய உளியையும் சுத்தியலையும் எடுத்தான். ஒரே ஒரு நொடி அந்தப் பச்சையில் அவன் முகம் தெரிந்தது.

ஓங்கி அடித்தான். பெயின்ட் செதில் செதிலாகப் பறந்தது. அடுத்த அடியில் பட்டி உதிர்ந்தது. மூன்றாவது அடியில் தகடு கிழிந்தது. ஷெட் முழுக்க இடி இடித்த மாதிரி சத்தம்.

"இன்னும் ஓங்கி அடிங்க! சீக்கிரம், சீக்கிரம்!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். பூட்டு தெறித்து விழுந்தது. டிக்கி நெளிந்துகொண்டே திறந்தது.

போர்வைகளை ஒவ்வொன்றாக வாரி வெளியே போட்டான். ஒரு ஸ்பேனர் விழுந்தது. ஒரு எண்ணெய்த் துணி விழுந்தது. அதற்குக் கீழே வெறும் தகடு.

கீழே கிடந்த சுத்தியலை மறுபடி எடுத்தான். எதை அடிப்பது என்று தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இங்கயும் இல்லைன்னா எங்கேங்க போனா?" என்று மனைவி கேட்டாள்.

சுவரோரம் சாய்த்திருந்த பின் சீட்டு லேசாக அசைந்தது. அதன் பின்னாலிருந்து மகள் வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு. இரண்டு காதையும் இறுகப் பொத்தியிருந்தாள்.

"அடி என் கண்ணே!" என்று தாய் பாய்ந்தாள். குழந்தை அவளிடம் போகவில்லை. கிழிந்து தொங்கிய பச்சைத் தகட்டைப் பார்த்தாள். அப்பா கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். காதிலிருந்து வலது கையை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"காரை உடைக்காதீங்கப்பா... கீறினது இந்தக் கைதான்."