தொண்ணூறு சதவீதம்

“நம்ம மோடத்தைவிட ஃபைபர் ஆயிரத்தெழுநூறு மடங்கு வேகம் சார்,” என்றாள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

“அப்படி என்னம்மா தலைபோற அவசரம் நமக்கு?” என்றார் மேலாளர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைமை அலுவலகம் ஸ்கேன் செய்து அனுப்பிய ஒரே ஒரு கனத்த மெயில் மூன்று மாதமாக இறங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து தொண்ணூறு சதவீதத்தைத் தொடும்போதெல்லாம் இந்த மகானுபாவர் தன் அறையில் போனைத் தூக்கிவிடுவார், இணைப்பு அறுந்துவிடும். போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன்தான் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

“மறந்துட்டேம்மா” என்று ஓர் அசட்டுச் சிரிப்பு வேறு.

பொறுத்தது போதுமென்று அவளே தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டாள். அடுத்த வாரமே ஃபைபர் வந்து சேர்ந்தது.

“இப்பப் பாருங்க சார், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள!”

மூன்றே வினாடி. திரையில் கடிதம் விரிந்தது. வெற்றிப் புன்னகையோடு உரக்க வாசித்தாள்:

“ஆட்குறைப்பு நடவடிக்கையாகத் தங்கள் கிளையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பணியிடம் ரத்து செய்யப்படுகிறது. இக்கடிதம் கிடைக்கப்பெற்ற நாள்முதல்...”

மெதுவாகத் திரும்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர் போனைத் தூக்கி, காதில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஹெட் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மெயில் அனுப்பின அன்னைக்கே சொல்லிட்டார்மா. இத்தனை நாளா தூக்கித் தூக்கிச் சமாளிச்சேன். இப்பவும் தூக்கிப் பார்த்தேன். இந்தப் பாழாப்போன ஃபைபர் அறுந்து தொலைய மாட்டேங்குது.”